மஸ்கட்டீன்: சட்டைப் பட்டனால் பிழைத்த ஆற்றங்கரை ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மஸ்கட்டீனா? ஓமானில் இருக்கிறதே, அதுவா?

இல்லை, அது மஸ்கட். இது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். சிகாகோவிலிருந்து மேற்கே காரில் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 23,797. நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறு நகராட்சி அளவு.

மிசிசிப்பி வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிற ஆறு என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் இந்த ஊருக்கு மேலே கொஞ்ச தூரம் அது மேற்கு நோக்கி ஓடிவருகிறது. ஊருக்கு வந்ததும் திரும்பி மறுபடி தெற்கே போகிறது. அந்தத் திருப்பத்தில்தான் ஊர்.

இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை கேள்விகள்?

நூறு வருடத்துக்கு முன் உலகத்தில் யார் சட்டையிலாவது ஒரு வெள்ளைப் பட்டன் மின்னினால், அது இந்த ஊரிலிருந்து போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1905இல் மட்டும் இங்கே 150 கோடி பட்டன்கள் செய்தார்கள். உலக உற்பத்தியில் அது 37 சதவீதம் என்று ஊர்க்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். அதெல்லாம் பிளாஸ்டிக் பட்டன் இல்லை, ஆற்றுச் சிப்பியின் ஓட்டை அறுத்துச் செய்தவை.

பட்டனோடு கதை முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தோல் நிறம் பார்க்கக் கூடாது என்று ஒரு முடிதிருத்துபவர் நீதிமன்றம் போய் ஜெயித்த ஊர் இது. சீன அதிபர் ஷி ஜின்பிங் 1985இல் வந்து இரண்டு ராத்திரி தங்கிய ஊரும் இதுதான்.

பெயர் எப்படி வந்தது? முன்பு யார் இருந்தார்கள்?

இது சாக், மெஸ்க்வாக்கி என்ற பழங்குடி மக்களின் நிலம். 1832இல் பிளாக் ஹாக் என்ற சாக் தலைவர் தலைமையில் நடந்த போரில் அவர்கள் தோற்றார்கள். அதன்பின் போட்ட ஒப்பந்தத்தில் ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு பெரிய பட்டையை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. 1833 ஜூன் மாதம் அது குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே வருடம் இங்கே ஒரு வியாபாரச் சாவடி முளைத்தது.

முதலில் வைத்த பெயர் புளூமிங்டன். அதே பெயரில் வேறு மாநிலங்களிலும் ஊர்கள் இருந்ததால் கடிதங்கள் வழிமாறிப் போயின. தபால் தொல்லை பொறுக்காமல் 1849இல் பெயரை மஸ்கட்டீன் என்று மாற்றினார்கள். மஸ்கூட்டன் என்ற பழங்குடியின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஊருக்குத் தெற்கே இருந்த புல்வெளித் தீவில் அடிக்கடி தீ பரவும், அதைக் குறித்த பழங்குடிச் சொல் என்கிறார்கள் இன்னொரு சாரார்.

பட்டனுக்கு முன் என்ன பிழைப்பு?

நீராவிப் படகுகள் நிற்கும் துறை, அவற்றுக்கு விறகு விற்பது, அப்புறம் மரம். வடக்கே விஸ்கான்சின், மினசோட்டா காடுகளில் வெட்டிய பைன் மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டார்கள். இங்கே மரவாடிகள் அவற்றை இழுத்துப் பலகையாக அறுத்தன. மசர், ஹெர்ஷி என்ற குடும்பங்கள் இதில் பெரும் பணம் பார்த்தன. ஊர் நூலகத்தின் பெயரில் இன்றும் மசர் இருக்கிறார். வடக்கே காடு தீர்ந்ததும் மரவாடிகளும் ஒவ்வொன்றாக மூடின. நல்லவேளையாக, அதற்குள் ஒரு ஜெர்மானியர் ஆற்றில் இறங்கியிருந்தார்.

யார் அந்த ஜெர்மானியர்?

ஜான் பெப்பிள். ஹாம்பர்க் பக்கத்துக்காரர். கொம்பு, எலும்பு, சிப்பி இவற்றைக் கடைந்து பட்டன் செய்வது அவருக்குக் கைவந்த தொழில். 1887இல் அமெரிக்கா வந்தார். அங்கே ஆறுகளில் தடித்த ஓடுள்ள சிப்பி கிடைக்கிறது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தார். இலினாய் மாநிலத்தில் சாங்கமன் ஆற்றில் குளிக்க இறங்கியபோது காலில் ஏதோ கிழித்தது, குனிந்து எடுத்துப் பார்த்தால் தேடிவந்த சிப்பி என்று ஒரு கதை உண்டு. அவரே சொன்ன கதை என்பதால் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம்.

சிப்பி கிடைத்தாலும் தொழில் உடனே தொடங்கவில்லை. வெளிநாட்டுப் பட்டன் மலிவாக இறங்கிக்கொண்டிருந்தது. 1890இல் மெக்கின்லி வரிச்சட்டம் வந்து இறக்குமதிப் பட்டன் மேல் கடும் வரி விழுந்தது. அதன்பிறகுதான் உள்ளூர்ப் பட்டனுக்குச் சந்தை பிறந்தது. 1891இல் மஸ்கட்டீனில் காலால் மிதிக்கும் கடைசல் இயந்திரத்தை வைத்துப் பெப்பிள் வேலையைத் தொடங்கினார். சில வருடங்களில் தெருவுக்குத் தெரு பட்டன் பட்டறை.

அவருக்கு லாபம் தங்கவில்லை. எல்லாவற்றையும் கையாலேயே நேர்த்தியாகச் செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இதே ஊரின் பேரி குடும்பத்தார், பட்டனில் வடிவம் கடைவதையும் துளை போடுவதையும் ஒரே இயந்திரத்தில் முடிக்கிற ‘டபுள் ஆட்டோமேட்டிக்’கைக் கொண்டுவந்தார்கள். 150 கோடி என்ற எண்ணிக்கை அந்த இயந்திரத்தால் வந்தது. தொழிலைத் தொடங்கிய மனிதர் ஓரமாக ஒதுங்க வேண்டியதாயிற்று.

சிப்பியை எப்படிப் பிடித்தார்கள்? பட்டன் எப்படி ஆனது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆற்றுச் சிப்பி அடிமணலில் பாதி புதைந்து, வாயை லேசாகத் திறந்து, ஓடிவரும் நீரை வடிகட்டித் தின்னும். ஏதாவது பட்டால் சட்டென்று மூடிக்கொள்ளும். அதன் இந்த ஒரே தற்காப்பைத்தான் மனிதன் பயன்படுத்திக்கொண்டான். ஒரு நீளக் கம்பியிலிருந்து வரிசையாகக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கயிற்றிலும் காக்கைக் காலைப் போல நாலு பக்கம் வளைந்த கொக்கிகள் இருக்கும். படகின் பின்னால் இதை ஆற்றடியில் இழுத்துக்கொண்டு போவார்கள். கொக்கி வாய்க்குள் நுழைந்ததும் சிப்பி இறுக்கிக் கவ்வும். விடவே விடாது. கம்பியைத் தூக்கினால் திராட்சைக் கொத்து மாதிரி சிப்பிகள் தொங்கும். இதற்குத் தூண்டில் இரை தேவையில்லை. படகை இழுக்கக்கூட ஆள் வேண்டாம். முன்னால் தண்ணீருக்குள் ஒரு மரச்சட்டத்தை இறக்கிவிட்டால் நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும். அந்தச் சட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கோவேறு கழுதை’.

கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டிருப்பார்கள். பிடித்ததைப் பெரிய தொட்டியில் வேகவைப்பார்கள். ஓடு திறந்ததும் சதையை எடுத்து எறிவார்கள், அல்லது பன்றிக்குப் போடுவார்கள். எறிவதற்கு முன் விரலால் சதையைப் பிசைந்து பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம், எங்காவது ஒரு முத்து மாட்டாதா என்று. எப்போதாவது மாட்டும். அந்த நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு ஆயிரமாயிரம் சிப்பியைப் பிசைந்ததற்கு அந்த ஆசைதான் காரணமாக இருந்திருக்கும்.

ஓடுகள் டன் கணக்கில் பட்டறைக்கு வரும். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து இளக்கிய பிறகு, குழாய் வடிவ ரம்பத்தால் வட்டம் வட்டமாக அறுப்பார்கள். நம் வீட்டில் அதிரசத்தையோ முறுக்கையோ எண்ணுவதுபோல ஒவ்வோர் ஓட்டிலும் எத்தனை வட்டம் தேறும் என்று கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள் அனுபவசாலிகள். அந்த வட்டங்களைத் தேய்த்து, துளையிட்டு, அமிலத்தில் மெருகேற்றி, தரம்பிரித்து, கடைசியில் அட்டையில் தைப்பார்கள். அட்டையில் தைக்கிற வேலை பெரும்பாலும் வீடுகளில் நடந்தது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து தைப்பார்கள்.

வட்டம் வட்டமாகத் துளை விழுந்த மிச்ச ஓட்டைச் சாலைப் பள்ளத்தில் கொட்டினார்கள், உடைத்துக் கோழிக்குப் போட்டார்கள். மஸ்கட்டீனில் தோட்டம் கொத்தினால் இன்றும் அந்தத் துளை ஓடு மண்வெட்டியில் தட்டுப்படும்.

நல்ல கூலி கிடைத்ததா?

கூலி எண்ணிக்கைக்குத்தான். சண்டையும் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு குரோஸ் என்றால் 12 டஜன், 144 என்று கடைக்காரர் யாருக்கும் தெரியும். பட்டறை முதலாளிகளோ ஒரு குரோஸ் கூலிக்கு 14 டஜன், அதாவது 168 வட்டம் கேட்டார்கள். கழிவுக்கு என்று காரணம் சொன்னார்கள். எது கழிவு, எது தேறும் என்று முடிவு செய்தவர்களும் அவர்களே. ரம்பத் தூசி நுரையீரலைக் கெடுத்தது. ஓடு கிழித்த விரல்கள் சீழ்பிடித்தன.

1910 முடிவில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 1911 பிப்ரவரியில் முதலாளிகள் பட்டறைகளைப் பூட்டினார்கள். சுமார் 2,500 பேர் வெளியே நின்றார்கள். கலவரம், துப்பாக்கி, ஆளுநர் அனுப்பிய படை என்று ஊர் இரண்டாகப் பிளந்தது. போராட்டம் 1912 வரை இழுத்து, சங்கம் தோற்றது.

அதில் எழுந்து நின்ற ஒரு பெண் பெர்ல் மெக்கில். அப்போது அவருக்குப் பதினாறு, பதினேழு வயது. ஊர் ஊராகப் போய்ப் பேசி நிதி திரட்டினார். மாசசூசெட்ஸில் லாரன்ஸ் நகரத்து நெசவாலை வேலைநிறுத்தத்திலும் கலந்துகொண்டார். பிறகு பள்ளி ஆசிரியை ஆனார். 1924இல் முன்னாள் கணவன் அவரைச் சுட்டுக் கொன்றான். ‘பெர்ல்’ என்றால் முத்து. சிப்பிப் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு அப்படி ஒரு பெயர்.

அவ்வளவு சிப்பியும் தீர்ந்துபோகவில்லையா?

தீர்ந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்குள்ளேயே படகுக்காரர்கள் மேலும் மேலும் தூரம் போக வேண்டியிருந்தது. வெவ்வேறு ஆறுகளிலிருந்து ரயிலில் ஓடு வரவழைத்தார்கள்.

காப்பாற்றவும் முயன்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1908இல் மஸ்கட்டீனுக்குச் சற்று மேலே ஃபேர்போர்ட் என்ற இடத்தில் அரசு ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது. ஆற்றுச் சிப்பியின் குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் தனியே வளராது. மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரம் வாழ்ந்த பிறகுதான் கீழே விழுந்து மணலில் வேர்விடும். ஒவ்வொரு வகைச் சிப்பிக்கும் அதற்கென்று மீன் உண்டு. ஆகவே விஞ்ஞானிகள் மீனைப் பிடித்து, செவுளில் சிப்பிக் குஞ்சை ஏற்றி, ஆற்றில் விட்டார்கள். கோடிக்கணக்கில் விட்டும் ஆறு பழையபடி நிரம்பவில்லை. வண்டலும் சாக்கடையும் ஒரு பக்கம், பிறகு வந்த அணைகள் ஒரு பக்கம், அவர்கள் உழைப்பை விழுங்கின. ஃபேர்போர்ட்டில் இப்போது மாநில அரசின் மீன்பண்ணை இருக்கிறது.

தன் கடைசிக் காலத்தில் அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜான் பெப்பிள். ஆற்றைக் காலி செய்யும் தொழிலை ஆரம்பித்தவர், மறுபடி நிரப்பும் வேலைக்கு வந்தார். ஆற்றில் இறங்கியபோது சிப்பி ஓடு காலைக் கிழித்து, விஷம் ஏறி, 1912இல் இறந்தார். சாங்கமன் கதையை நான் பாதிதான் நம்புகிறேன். இந்த மரணம் பதிவில் இருக்கிறது.

பட்டன் தொழில் எப்போது முடிந்தது?

சிப்பிப் பட்டன் 1960களில் முடிந்தது. பிளாஸ்டிக் வந்தது, ஜிப் வந்தது, சலவை இயந்திரமும் காரமான சோப்புத்தூளும் வந்தன. இயந்திரத்தில் போட்டால் சிப்பிப் பட்டன் பொலிவிழந்து பொரிந்துபோகும். சில ஆலைகள் பிளாஸ்டிக்குக்கு மாறி இந்த நூற்றாண்டு வரை பட்டன் செய்தன. மிச்சமிருந்த தடித்த ஓடுகளுக்கு வேறோர் இடத்தில் கிராக்கி வந்தது. ஜப்பானில் வளர்ப்பு முத்துக்கு உள்ளே வைக்கிற மணியை மிசிசிப்பிப் படுகையின் சிப்பி ஓட்டிலிருந்துதான் உருட்டினார்கள்.

பள்ளி வழக்கு என்றீர்களே, அது என்ன?

அலெக்சாண்டர் கிளார்க் 1826இல் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். 1842இல், பதினாறு வயதில், இங்கே வந்து முடிதிருத்தும் கடை வைத்தார். நீராவிப் படகுகளுக்கு விறகு விற்று, நிலம் வாங்கி, வசதியானார். உள்நாட்டுப் போரின்போது கறுப்பினப் படைப்பிரிவுக்கு ஆள் சேர்த்தார். கால் ஊனம் காரணமாக அவரால் களத்துக்குப் போக முடியவில்லை.

1867இல் அவர் மகள் சூசன், பன்னிரண்டு வயதுப் பெண், பக்கத்துப் பள்ளியில் சேரப் போனாள். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருக்கிறது, அங்கே போ என்று திருப்பி அனுப்பினார்கள். கிளார்க் வழக்குப் போட்டார். 1868இல் அயோவா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாநிலத்தின் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கல்வி, நிறத்தைக் காட்டிப் பிரிக்கப் பள்ளி வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. நாடு முழுவதற்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையே சொல்ல 1954 ஆனது. 86 வருடம்.

கிளார்க் அதோடு நிற்கவில்லை. தன் மகன் படித்த அதே அயோவா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 58 வயதில் பட்டம் வாங்கினார். 1890இல் லைபீரியாவுக்கான அமெரிக்கத் தூதராக நியமிக்கப்பட்டு, அடுத்த வருடம் அங்கேயே இறந்தார். உடலைக் கொண்டுவந்து மஸ்கட்டீனில் புதைத்தார்கள். 1970களில் அவர் வீடு இடிபட இருந்தபோது, ஊர்க்காரர்கள் சிலர் அதை அப்படியே பெயர்த்து நகர்த்தி வைத்துக் காப்பாற்றினார்கள். இன்று ஊரின் நடுநிலைப் பள்ளிக்குச் சூசன் கிளார்க்கின் பெயர். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவளின் பெயரை வாசலில் எழுத ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

மார்க் ட்வெய்னுக்கும் தொடர்பு உண்டாமே?

கொஞ்சம்தான். அவர் அண்ணன் ஓரியன் 1850களில் இங்கே மஸ்கட்டீன் ஜர்னல் பத்திரிகையில் பங்குதாரர். தம்பி கொஞ்ச நாள் வந்து தங்கினார். பிற்காலத்தில், இந்த ஊரின் கோடைகால அந்திச் சூரியனுக்கு ஈடாக எங்கும் பார்த்ததில்லை என்று எழுதினார். ஊர்க்காரர்கள் அந்த வரியை இன்னும் விடவில்லை.

ஊருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர் யாரும் இல்லையா?

இருக்கிறார், நார்மன் பேக்கர். மேடைக் கலைஞர், காற்றால் ஒலிக்கும் ஒருவகை இசைப்பெட்டி செய்து விற்றவர், 1925இல் கே.டி.என்.டி. என்று சொந்த வானொலி தொடங்கியவர். மருத்துவப் படிப்பு கிடையாது. ஆனால் புற்றுநோயை அறுவை இல்லாமல் குணமாக்குவதாக வானொலியில் முழங்கி மருத்துவமனையே திறந்தார். 1930இல் ஊர்ப் பூங்காவில் பெருங்கூட்டத்தின் முன்னால் நோயாளியின் மண்டையோட்டைத் திறந்து காட்டி மருந்து தூவினார். வானொலி உரிமம் பறிபோனதும் மெக்சிகோ எல்லைக்குப் போய் அங்கிருந்து ஒலிபரப்பினார். கடைசியில் 1940இல் தபால் மோசடிக்காகச் சிறை. நோயாளிகள் பிழைத்ததாகச் சொன்னதெல்லாம் அவர் சொன்னதுதான்.

ஷி ஜின்பிங் ஏன் இங்கே வந்தார்?

1985இல் அவர் ஹெபெய் மாகாணத்தில் ஒரு மாவட்டத்தின் கட்சிச் செயலாளர். ஹெபெயும் அயோவாவும் சகோதர மாநிலங்கள். விவசாயம் பார்க்க வந்த சிறு குழுவோடு 31 வயதில் வந்தார். ஒரு வீட்டில், கல்லூரிக்குப் போய்விட்ட பையன்களின் அறையில், ஸ்டார் ட்ரெக் பொம்மைகளுக்கு நடுவே தூங்கினார். 2012 பிப்ரவரியில் துணை அதிபராகத் திரும்பி வந்து அதே ஆட்களோடு தேநீர் குடித்தார். அந்த வீட்டைப் பிறகு ஒரு சீனத் தொழிலதிபர் வாங்கி நட்பு இல்லமாக மாற்றினார். இரு நாட்டு உறவு கசந்த பிறகும் இந்த ஊர் மாணவர்களுக்குச் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. ராஜதந்திரமா, விருந்தோம்பலுக்கு நன்றியா என்று ஊரிலேயே இரண்டு கருத்து உண்டு. இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது மக்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

தொழிற்சாலைகள்தான். அலுவலக மேசை நாற்காலி செய்யும் எச்.என்.ஐ. நிறுவனம் 1944இல் இங்கே பிறந்தது. போரிலிருந்து திரும்புவோர் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்யலாம் என்று தொடங்கினார்கள், இரும்புத் தகடு கிடைக்கவில்லை. கிடைத்த துண்டுத் தகரத்தில் சிறு பெட்டிகள் செய்து சமாளித்து, அப்படியே அலுவலகச் சாமான் பக்கம் போய்விட்டார்கள். டயர் ரீட்ரேடிங்கில் பெயர்பெற்ற பேண்டாக் இங்கே 1957இல் ராய் கார்வர் தொடங்கியது. 2007இல் பிரிட்ஜ்ஸ்டோன் அதை வாங்கியது. மக்காச்சோளத்திலிருந்து ஆல்கஹாலும் மாவுப்பொருளும் எடுக்கும் பெரிய ஆலை உண்டு. காற்றில் வரும் வாசனை பற்றிப் பழைய சண்டையும் உண்டு. பிட்ஸ்பர்க்குக்கு வெளியே ஹைன்ஸ் திறந்த முதல் ஆலை இங்கே, 1893இல்.

தக்காளி, முலாம்பழ வயல்களுக்கும் ஆலைகளுக்கும் வேலை தேடி வந்த மெக்சிகோ குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே வேர்விட்டிருக்கின்றன. இன்று ஊரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வழியினர்.

வெள்ளம் வருமா?

வரும். 1965இல் வந்தது, 1993இல் அதையும் தாண்டி 25 அடிக்கு மேல் ஏறியது, 2019இல் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. ஆறு தவிர ஊருக்குள் ஒரு ஓடையும் இருக்கிறது. பெயர் மேட் க்ரீக், பைத்தியக்கார ஓடை. கரை எழுப்பி அடக்கி வைத்திருக்கிறார்கள்.

போனால் என்ன பார்ப்பது?

இரண்டாம் தெருவில் முத்துப் பட்டன் அருங்காட்சியகம் முதலில். ஆற்றங்கரைப் பூங்காவில் கொக்கிக் கம்பியோடு நிற்கும் சிப்பி பிடிப்பவரின் வெண்கலச் சிலை அடுத்தது. மசர் குடும்ப மாளிகை இப்போது கலைக்கூடம். வீட் பூங்காவுக்குக் களைச்செடி என்று அர்த்தம் எடுக்க வேண்டாம், அது நிலம் கொடுத்த மருத்துவரின் பெயர். குளிர்காலத்தில் 16ஆம் எண் அணைக்குக் கீழே நீர் உறையாமல் இருக்கும். மீன் பிடிக்க வெண்தலைக் கழுகுகள் அங்கே கூடும். ஆகஸ்டில் போனால் சாலையோரத்தில் முலாம்பழம் வாங்குங்கள். ஊருக்குத் தெற்கே உள்ள மணல்பூமியில் விளைவது, அந்த வட்டாரம் முழுக்க அதற்கு நல்ல பெயர்.

பழைய பட்டன் கிடைத்தால் சிப்பியா பிளாஸ்டிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. பல்லில் மெல்லத் தட்டினால் கல்லைத் தட்டிய மாதிரி ஒலிக்கும். அப்புறம் திருப்பிப் பாருங்கள். ஆற்றுச் சிப்பியில் அறுத்ததென்றால் பின்பக்கம் சில சமயம் பழுப்பாக, ஓட்டின் வெளித்தோல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மெருகேற்றியவர் அவசரத்தில் விட்டிருப்பார். அன்றைக்கு அவருக்கு 168 எண்ண வேண்டியிருந்திருக்கும்.